பிறந்த வழி முதலில்

ஜனவரி 6, திங்கள்

புது வேலை வந்திருக்கிறது. வந்த இடம்தான் சிக்கல். அம்மா பிறந்த வீட்டுக் குலதெய்வக் கோயில் கமிட்டி. கோயில் சாத்தூரிலிருந்து உள்ளே போக வேண்டும். மாசி சிவராத்திரிக்குப் பங்காளிகள் எல்லோரும் அங்கே கூடுவார்கள். அன்றைக்கு அவர்களுடைய இணையதளத்தைத் திறக்க வேண்டுமாம். தாத்தா, அப்பா, மகன் என்று குடும்பம் முழுவதும் அதில் அடுக்காக இருக்க வேண்டும். இரண்டு பெயர்களைக் கொடுத்தால் ஒருவருக்கு மற்றவர் என்ன முறை என்று அது சொல்ல வேண்டும்.

இணையதளம் செய்து கொடுக்கிற எங்கள் அலுவலகத்தில் மொத்தமே நாலு பேர். ஆல்வின் சார், "உங்க சொந்தக்காரங்கதானே மாரிச்செல்வி, நீங்களே பாத்துக்கோங்க" என்று என் தலையில் கட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்ட கதைதான். நான் வேட்டி கட்டுவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

விவரம் சேகரித்துத் தருகிறவர் சோலைராஜ். சாத்தூரில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். மல்லிகா சித்தியின் கணவருக்குத் தம்பி, அதனால் எனக்குச் சித்தப்பா முறை. அவரும் அம்மாவும் ஒரே கோயில்காரர்கள்தான். ஆனால் இரண்டு கிளைகளுக்கும் ரொம்ப நாளாகப் போக்குவரத்து இல்லை, எந்தத் தலைமுறை எங்கே நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது. மல்லிகா சித்தி கல்யாணத்துக்குப் பிறகுதான் பழக்கம், அதனால் அந்த முறையே நிலைத்துவிட்டது. என்னைவிட மூன்றே வயது பெரியவரைச் சித்தப்பா என்று கூப்பிட நாக்கு கூசுகிறது. கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

தோசைக்கு மாவு அரைத்து வைத்தேன். உளுந்து கூடிவிட்டது.

ஜனவரி 9, வியாழன்

சோலைராஜ் சித்தப்பாவுக்குப் போனில் விளக்கினேன். இதில் ஒவ்வொரு ஆளும் ஓர் ஆப்ஜெக்ட், அதாவது தனி உருப்படி. தன் பெயர் தெரியும், தனக்கு மேலே யார் என்று தெரியும், தனக்குக் கீழே யார் யார் என்று தெரியும். வேறொன்றும் தெரியாது. பிரௌசரில் அடிக்கிற முகவரியைச் சாய்கோடு இருக்கிற இடங்களில் வெட்டிக்கொண்டு, தளத்தை ஓட்டுகிற எங்கள் ஃபிரேம்வொர்க் நடக்க ஆரம்பிக்கும். முதலில் உச்சியில் இருக்கிறவரிடம் "உங்களிடம் மாடசாமி இருக்கிறாரா?" என்று கேட்கும். இருந்தால் மாடசாமியிடம் போய் அடுத்த பெயரைக் கேட்கும். யார் "இல்லை" என்கிறாரோ அவரிடமே நின்றுவிடும். முகவரியில் மிச்சமிருக்கிற சொல், அவரைப் பற்றி என்ன காட்ட வேண்டும் என்கிற உத்தரவு. படமா, பிள்ளைகளா, முறையா என்று.

"ஊருக்குப் புதுசா வந்தவன் வீடு விசாரிக்கிற மாதிரி," என்றார்.

"ஆமா சித்தப்பா."

"மொத்த ஊரும் யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு வாசல்லயும் அடுத்த வாசலத்தான் கேக்கணும்."

"அதேதான்."

"அப்ப ஒரு வாசல்ல தெரியாதுன்னு சொல்லிட்டா, அதுக்கங்கிட்டு வீடு இருந்தாலும் இல்லாத மாதிரிதான், இல்லையா செல்வி?"

இதைப் புரிய வைக்க எனக்கு என் டீமிலேயே ஒரு வாரம் ஆகியிருக்கிறது. கெட்டிக்காரர். சும்மா குறித்து வைக்கிறேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். சித்தப்பா வாட்ஸப்பில் கரும்புப் படம் அனுப்பியிருந்தார். எல்லோருக்கும் அனுப்பியிருப்பார்.

ஜனவரி 15, புதன்

மல்லிகா சித்திக்கு அனுப்பவில்லையாம். பேச்சுவாக்கில் கேட்டேன்.

ஜனவரி 19, ஞாயிறு

சித்தப்பா காராச்சேவு பொட்டலத்தோடும் பென்டிரைவோடும் காலையிலேயே வந்துவிட்டார். "அக்கா, இருக்கீங்களா?" என்று வாசலில் கேட்டுக்கொண்டே உள்ளே வருவது அவர் வழக்கம். அம்மா "வாப்பா" என்று காபி வைத்தார். சித்தப்பா முறை ஆயிற்றே, அதனால் மதியம் வரை ஹாலில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்ததை யாரும் பொருட்படுத்தவில்லை. அப்பா பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கினார்.

அம்மாவுக்குத் தன் பெயரைப் பார்க்க ஆசை வந்துவிட்டது. அடித்துக் காட்டினேன். பூட்டன், தாத்தா, அப்பா என்று இறங்கி, பேச்சியம்மாள் என்று வந்தது. அம்மாவுக்கு முகமெல்லாம் பல். "இதுக்குக் கீழ அமுக்கு, நீ வருவேல்ல?" என்றார். அமுக்கினேன். "இந்தப் பக்கம் இல்லை" என்று வந்தது.

"பொண்ணுகளுக்குக் கீழ கெளை வேணாம்னு கமிட்டி சொல்லிருச்சுக்கா," என்றார் சித்தப்பா. தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார்.

"அப்ப நான் என்னோட முடிஞ்சு போனேனா?" என்று கேட்டுவிட்டு அம்மா ரசம் பார்க்கப் போய்விட்டார். கோபமில்லை. கோபமாக இருந்தால் பாத்திரச் சத்தம் கேட்டிருக்கும்.

அவர் போன பிறகு சித்தப்பா மெதுவாகக் கேட்டார். "பொண்ணு வழியும் போட முடியுமா? டெக்னிக்கலா கேக்குறேன்."

முடியும் என்றேன். பெண்ணைப் பிறந்த வீட்டிலிருந்து பிடுங்கிப் புகுந்த வீட்டில் நட வேண்டியதில்லை. அவள் அவளுடைய அப்பாவுக்குக் கீழேயே இருக்கட்டும். கல்யாணத்தை ஒரு இணைப்பாகப் போட்டால் போதும். ஆளுக்கு ஓர் இடம்தான், அவரிடம் போகிற வழி எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம்.

"இது நல்லாருக்கே," என்றார். ரொம்ப நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜனவரி 23, வியாழன்

பெங்களூர் வரனின் போட்டோ வந்திருக்கிறது. நல்ல வேலை, நல்ல குடும்பம், பல் வரிசை கூட நன்றாக இருக்கிறது. குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை, அதுதான் எரிச்சல். ஜாதகமும் பொருந்திவிட்டதாம். "சிவராத்திரி முடிஞ்சதும் பதில் சொல்றோம்னு சொல்லிட்டேன். அதுக்கு மேல இழுத்தா நல்லாருக்காது" என்றார் அம்மா. புராஜெக்ட் முடியட்டும் என்றேன். எனக்கு இப்போது புராஜெக்ட்தான் முக்கியம்.

ஜனவரி 27, திங்கள்

கமிட்டித் தலைவர் ராமசுப்பு ஐயாவிடம் பேசினேன். எண்ணெய் மில் முதலாளி. பெண் வழியும் சேர்க்கலாமா என்று கேட்டேன். பெண்களின் பெயரை அமுக்குகிறவர்களுக்கெல்லாம் "பக்கம் இல்லை" வருவது தளத்துக்கு அழகில்லை என்பதுதான் நான் சொன்ன காரணம். உண்மையான காரணமும் அதுதான்.

"குடுத்த பொண்ணு அந்த வீட்டுக் கணக்குல வந்துரும் தாயி. ரெண்டு எடத்துலயும் எழுதுனா கொழப்பம்ல வரும்," என்றார்.

அன்பாகத்தான் சொன்னார். அன்பாகச் சொல்கிறவர்களிடம் எதிர்த்துப் பேச எனக்கு வராது. வாஷிங் மெஷினில் போட்ட துணியை எடுக்க மறந்து, நாற்றமடித்து, இன்னொரு தரம் துவைத்தேன்.

ஜனவரி 31, வெள்ளி

ராமசுப்பு ஐயாவே கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது. சோலைராஜ் சோதனைக்காக அனுப்பிய லிங்கை அவர் மெல்போர்னில் இருக்கிற மகளுக்கு அனுப்பியிருக்கிறார். மகள் வயிற்றுப் பேத்தி ஆதிரைக்கு ஏழு வயது. தன் பெயரை அவளே தமிழில் அடித்துப் பார்த்திருக்கிறாள். பக்கம் இல்லை என்று வந்திருக்கிறது.

"வீடியோவுல வந்து, தாத்தா நான் உங்க வீட்ல இல்லையான்னு கேக்குறா தாயி. என்னன்னு சொல்ல? பொண்ணு வழியும் சேத்துரு. கமிட்டிய நான் பாத்துக்கிறேன்."

சரி ஐயா என்றேன். போனை வைத்துவிட்டு உடனே சாத்தூருக்குச் சொன்னேன். வேலை சம்பந்தமான விஷயம், உடனே சொல்ல வேண்டியதுதானே. அந்தப் பக்கம் கடையில் யாரோ பைக்கை முறுக்கிக்கொண்டிருந்தார்கள், அந்தச் சத்தத்திலும் அவர் சிரிப்பது கேட்டது.

பிப்ரவரி 3, திங்கள்

சர்வர் படுத்துவிட்டது. பெண் வழியைத் திறந்து, ராமசுப்பு ஐயா பெயரைக் கொடுத்து உறவுகளைத் தேடச் சொன்னேன். தேடப் போனது திரும்பி வரவேயில்லை. அலுவலகத்தில் மற்ற மூன்று பேருடைய வேலையும் அதே சர்வரில்தான். ஆல்வின் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது திட்டுவதைவிட மோசம்.

மத்தியானத்துக்குமேல்தான் கண்டுபிடித்தேன். ராமசுப்பு ஐயா கட்டியிருப்பது சொந்த அக்கா மகளை. புரோகிராம் அவரிடமிருந்து அவர் மனைவியிடம் போகும், மனைவியிடமிருந்து மனைவியின் அம்மாவிடம் போகும், அந்த அம்மாவுக்குத் தம்பி யார் என்று கேட்கும். யார்? ராமசுப்பு ஐயா. மறுபடியும் அவர் மனைவியிடம் போகும். அந்த மூன்று பேரையும் சுற்றிச் சுற்றிக் காலையிலிருந்து வந்துகொண்டிருந்தது, பாவம்.

இதுவரை நான் வைத்திருந்தது மரம். மரத்தில் ஒரு கிளை வளைந்து வந்து தண்டிலேயே ஒட்டாது. எங்கள் குடும்பங்களில் ஒட்டும். மாமனையும் அத்தை மகனையும் கட்டிக்கொள்கிற ஜனங்களுக்கு மரம் காணாது, வலைதான் வேண்டும். இந்த ஜனங்களுக்குள்ளேயே பிறந்து வளர்ந்தும் இது எனக்குத் தோன்றவில்லை.

போலியோ சொட்டு மருந்து கொடுக்க வருகிறவர்கள் முடித்த வீட்டுக் கதவில் சாக்பீஸால் குறி போட்டுவிட்டுப் போவார்களே, அந்த வேலைதான் செய்தேன். போன ஆளிடமெல்லாம் ஒரு குறி. குறி இருந்தால் திரும்பிப் போகாதே. சரியாகிவிட்டது. ஆல்வின் சாருக்கும் சேர்த்து டீ வாங்கிக் கொடுத்தேன்.

பிப்ரவரி 8, சனி

முறை சொல்லும் பக்கம் தயார். சோதனைக்கு ஏதாவது இரண்டு பெயர்கள் வேண்டும். கைக்கு வந்த பெயர்களைப் போட்டேன். மாரிச்செல்வி, சோலைராஜ்.

"சித்தப்பா" என்று வந்தது.

புரோகிராம் சரியாகத்தான் வேலை செய்கிறது. அம்மாவும் மல்லிகா சித்தியும் அக்கா தங்கை மக்கள். சித்திக்குக் கணவர், கணவருக்குத் தம்பி. குறைந்த படிகளில் எட்டுகிற வழியைத்தான் அது முதலில் சொல்லும், அப்படித்தான் நானே எழுதினேன். புரோகிராம் சரியாக வேலை செய்தால் சந்தோஷப்பட வேண்டும். எனக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை. தயிர் புளித்திருந்தது.

சாயங்காலம், வேறு வழி ஏதும் இருந்தால் அதையும் காட்டு என்று ஒரு வரி சேர்த்தேன். பொதுவாகவே அப்படி இருப்பது நல்லது. இன்னொரு வழி இருந்தது. அம்மாவின் தாத்தாவுக்கு அப்பாவும், சோலைராஜின் தாத்தாவுக்குத் தாத்தாவும் கூடப்பிறந்த அண்ணன் தம்பி. அந்த வழியில் இறங்கி வந்தால் சோலைராஜுடைய அப்பா என் அம்மாவுக்கு அண்ணன் முறை. எனக்கு மாமா. அப்படியானால் மாமாவின் மகன் எனக்கு யார் என்று எழுத வேண்டியதில்லை, திரையிலேயே வந்தது.

லேப்டாப்பை மூடிவிட்டு மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனேன். இன்றைக்குத் துணியே காயப்போடவில்லை என்பது மாடிக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

பிப்ரவரி 10, திங்கள்

இரண்டு வழிகள் வந்ததைச் சோலைராஜிடம் சொன்னேன். கடைக்காரரிடம் கணக்குச் சொல்கிற குரலில் சொன்னேன்.

"உங்களுக்கு இப்பத்தான் தெரியுமா?" என்றார்.

'உங்களுக்கு.' இத்தனை நாளும் செல்வி, வா, போ என்றவர்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அந்த அண்ணன் தம்பி பேர டைப் பண்ணப்பவே தெரியும். ஜனவரியில."

டெக்னிக்கலாக முடியுமா என்று கேட்டது ஞாபகம் வந்தது. டெக்னிக்கலாம்.

நானும் சித்தப்பா என்று முடிக்காமலே போனை வைத்தேன். வாக்கியம் மொட்டையாக நின்றது. நிற்கட்டும்.

பிப்ரவரி 13, வியாழன்

இரண்டு வழிகள் வரும்போது எதை மேலே காட்டுவது? இது புரோகிராமில் நான் முடிவெடுக்க வேண்டிய விஷயமில்லை, குடும்பத்தின் வழக்கம். வரிசையை மாற்ற எனக்கு ஒரு வரி போதும். ஒரு நாள் முழுவதும் அந்த வரியை எழுதாமல் உட்கார்ந்திருந்தேன். நானாக மாற்றினால், அப்புறம் அந்தத் திரையில் வருகிற எந்த முறையையும் என்னாலேயே நம்ப முடியாது.

பேசாமல் ராமசுப்பு ஐயாவைக் கேட்டேன். யார் பெயரையும் சொல்லவில்லை. விதியைத்தான் கேட்டேன்.

"இதுல என்ன தாயி யோசன? பொறந்த வழி மொதல்ல. கட்டுன வழி அப்பறம். ரத்தம் எத்தன தூரம் சுத்தி வந்தாலும் ரத்தம்தான?" என்றார். ஆதிரையை நினைத்துச் சொல்லியிருப்பார். இரண்டையுமே காட்ட வேண்டும், ஒன்றையும் மறைக்கக் கூடாது என்றும் சொன்னார். எழுத்தில் அனுப்பச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன். வாடிக்கையாளர் சொன்னதை எழுத்தில் வாங்குவது எங்கள் அலுவலக வழக்கம்.

மனசு லேசாக இருக்கிறது.

பிப்ரவரி 18, செவ்வாய்

பெங்களூர்க்காரர்கள் போன் செய்து ஞாபகப்படுத்தினார்கள். நல்ல மனிதர்கள். "என்னடி சொல்ற?" என்று அம்மா கேட்டார். சிவராத்திரி முடியட்டும் என்றேன். அம்மா என்னைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

பிப்ரவரி 26, புதன்

சிவராத்திரி. சாயங்காலமே கோயில் நிறைந்துவிட்டது. பொங்கல் பானைகள், பிள்ளைகளுக்கு மொட்டை, காது குத்து, மைக்கில் யாருடைய காணாமல் போன மோதிரமோ. கொட்டகையில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். சோலைராஜ் புரொஜெக்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வீடியோவில் ஆதிரை இருந்தாள். ராமசுப்பு ஐயா தன் கையால் அவள் பெயரை அடித்தார். உச்சியிலிருந்து ஒவ்வொரு ஆளாக இறங்கி, அவரையும் தாண்டி, மகளையும் தாண்டி, ஆதிரை என்று வந்து நின்றது. அவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். வெக்கை என்றார்.

"மொறை சொல்லுமாமே, அதக் காட்டுங்க," என்று யாரோ கேட்டார்கள்.

ஐயா சுற்றிலும் பார்த்தார். பக்கத்தில் நின்றது நாங்கள் இரண்டு பேர்தான். "வேலை பாத்த புள்ளைகளோட பேரையே போடுவோம்," என்று அடிக்க ஆரம்பித்துவிட்டார். லேப்டாப் வயரைப் பிடுங்கிவிடலாமா என்று கூட நினைத்தேன்.

வேட்டியில் பெரிதாக இரண்டு வரிகள் வந்தன.

பிறந்த வழி: மாமன் மகன்.
கட்டிய வழி: சித்தப்பா.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. "அப்பக் கட்டிக்கிற மொறைதானப்பா." அப்புறம் ஒரே சிரிப்பு. ஐயா சிரிக்காமல் என்னையே பார்த்தார். "ஏ தாயி, அன்னைக்கு விதி கேட்டது இதுக்கா?" என்று என் காதில் மட்டும் கேட்டார். நான் வயரைச் சரி செய்தேன். "விதி விதிதான். மாத்த மாட்டேன்," என்றார்.

அம்மாவும் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 28, வெள்ளி

வீட்டில் பாத்திரச் சத்தம். இரண்டு நாளாக.

கடைசியில் வாய் திறந்தார். "மல்லிகா ஒனக்குச் சித்திடி. அவ கொழுந்தனக் கட்டுனா அவளும் நீயும் ஓரகத்தி. சித்தியும் மகளும் ஓரகத்தின்னா ஊரு சிரிக்காதா?"

நான் கட்டிக்கொள்வதாகச் சொல்லவே இல்லையே என்றேன்.

"சொல்லலைன்னா இல்லைன்னு ஆகிருமா?"

மத்தியானம் மல்லிகா சித்தியே போன் செய்தார். அம்மா ஸ்பீக்கரில் போட்டார், என்னைக் கேட்க வைக்கத்தான். சித்தி எடுத்த எடுப்பிலேயே ஆரம்பித்தார். "அக்கா, அந்த வழியில பாத்தா நீ என் வீட்டுக்காரருக்கு அத்தை. அப்ப ஒன் தங்கச்சி நானும் அவருக்கு அத்தை முறைதான? பதினஞ்சு வருசமா குடும்பம் நடத்தி ரெண்டு பிள்ளையும் பெத்தாச்சு. மொறை தப்புனது நாங்கதான், சின்னஞ்சிறுசுக இல்ல. அதோட, இந்த வீட்டு மாமியாரச் சமாளிக்க எனக்கும் ஒரு ஆள் வேணும்."

அம்மா போனை வைத்துவிட்டார். அப்பா பேப்பரை முகத்திலிருந்து எடுத்தார். முப்பது வருஷம் கண்டக்டராக இருந்தவர். "பேச்சி, வண்டி எந்த வழியாப் போனா என்ன, சாத்தூர்ல நின்னாச் சரி," என்று சொல்லிவிட்டு மறுபடி பேப்பரால் முகத்தை மூடிக்கொண்டார்.

எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. அப்பாவைச் சொல்லவில்லை. எழுதிவிட்டேன்.

மார்ச் 1, சனி

அம்மா காலையில் பெங்களூருக்குப் பேசினார். கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். மன்னிக்கணும் என்று இரண்டு தரம் சொன்னதும், ஜாதகத்தைத் திருப்பி அனுப்பச் சொன்னதும் மட்டும் காதில் விழுந்தது. வெளியே வந்து, "முருங்கைக்காய் வாங்கிட்டு வா. நாளைக்கு யாராச்சும் வந்தா சாம்பாருக்கு வேணும்," என்றார். நாளைக்கு முடிந்த வேலையை வாங்கிக்கொள்ளச் சோலைராஜ் வருவதை நான் அவரிடம் சொல்லவே இல்லை.

மார்ச் 2, ஞாயிறு

காராச்சேவு பொட்டலத்தோடு வந்தார். வழக்கம்போல் கேட்டுக்கொண்டே உள்ளே வரவில்லை. வாசற்படியிலேயே நின்றார். இஸ்திரி போட்ட சட்டை.

அடுப்படியிலிருந்து அம்மா, "யாரு?" என்றார். யார் என்று நன்றாகத் தெரியும். ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத்தான் கேட்டார்.

அவர் தொண்டையைச் செருமினார். "நான்தான் அத்தை. சோலைராஜ்."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. நான் லேப்டாப்பைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தேன். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். அவரை மேலும் கீழும் பார்த்தார். பொட்டலத்தையும் பார்த்தார். இந்த வீட்டுக்கு அவர் வர ஆரம்பித்த நாளிலிருந்து அம்மாவுக்கு அவர் 'வாப்பா'தான்.

"வாங்க," என்றார் அம்மா.

டேட்டாவை பேக்கப் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு நான் உள்ளறைக்கு வந்துவிட்டேன். பேக்கப் நேற்றே எடுத்தாயிற்று.